ரோஜா இலையில் கோளாறா? தெளிப்பானை எடுக்குமுன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

ரோஜா வளர்க்க ஆரம்பித்த புதிதில் எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: இலையில் ஏதாவது தென்பட்டால் கையில் இருக்கும் மருந்தை அடிப்பது. புள்ளியா, அடி. சுருட்டலா, அடி. ஒரு கோடையில் இலையெல்லாம் வெளிறிக்கொண்டே போயிற்று. பூச்சிதான் என்று முடிவுகட்டி வாரம் ஒருமுறை பூச்சிக்கொல்லி அடித்தேன். மூன்றாவது வாரம் துளிர்களில் நூலாம்படை கட்டியிருந்தது. வந்திருந்தது பூச்சியே அல்ல, சிலந்திப்பேன். நான் அடித்த மருந்து அதைத் தின்று கட்டுப்படுத்திக்கொண்டிருந்த உயிர்களைத்தான் ஒழித்திருந்தது.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. முதலில் இலையைப் பறித்துத் திருப்பிப் பார்ப்பேன். அடுத்து, கோளாறு செடியின் அடியில் உள்ள முதிர்ந்த இலையிலா, நுனித் துளிரிலா என்று பார்ப்பேன். பிறகு, போன பத்து நாளில் நான் என்ன செய்தேன் (உரம், மருந்து, தொட்டி மாற்றம், தண்ணீர்) என்று யோசிப்பேன். பாதிக்கு மேற்பட்ட புதிர்கள் இங்கேயே அவிழ்ந்துவிடும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் சிறிய லென்ஸ் ஒன்று இருந்தால் மிச்சமும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பல ரகங்களில் புதுத் துளிர் செம்பு நிறத்திலோ கருஞ்சிவப்பாகவோதான் வரும். அது நோயல்ல. இலை முற்றும்போது தானாகப் பச்சையாகிவிடும். இதற்குப் பயந்து மருந்தடித்தவர்கள் நிறையப் பேர். நானும் அதில் உண்டு.

அடி இலைகளில் கரும்புள்ளி, சுற்றிலும் மஞ்சள், பிறகு உதிர்வு

இது கரும்புள்ளி நோய். டிப்ளோகார்ப்பான் ரோசே என்ற பூஞ்சையின் வேலை. ரோஜா வளர்ப்பவர் யாராக இருந்தாலும் ஒருநாள் இதைச் சந்தித்தே தீர வேண்டும். புள்ளி இலையின் மேல்பக்கத்தில் இருக்கும். ஓரம் வட்டம் போட்டதுபோல் சீராக இருக்காது. லென்ஸில் பார்த்தால் மையை உறிஞ்சும் தாளில் விட்டதுபோல் மெல்லிய இழைகளாகப் பிசிறியிருக்கும். அந்தப் பிசிறுதான் அடையாளம். ஓரம் தெளிவாக, நடுவில் சாம்பல் நிறமாக இருந்தால் அது வேறு ஏதோ இலைப்புள்ளி. பெரும்பாலும் அவ்வளவு பெரிய ஆபத்தில்லை.

இந்தப் பூஞ்சைக்கு வேண்டியது இலைமேல் நிற்கும் ஈரம். தொடர்ந்து 7 மணி நேரம் இலை நனைந்தே இருந்தால் வித்து முளைத்து உள்ளே இறங்கிவிடும். அதனால்தான் மாலையில் செடியின் தலையில் தண்ணீர் ஊற்றுவது, தெரிந்தே நோயை அழைப்பது போன்றது. இரவு முழுக்க இலை காயாது. காலையில், மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். புள்ளி கண்ணில் படுவது தொற்றிய பல நாட்கள் கழித்து. ஆகவே இன்று தெரியும் புள்ளிக்கான காரணம் போன வாரத்து மழையில் இருக்கிறது.

செய்ய வேண்டியதில் முதல் வேலை குனிந்து பொறுக்குவது. உதிர்ந்த இலையிலும் தண்டில் உள்ள சிறு கருஞ்சிவப்புத் தழும்புகளிலும் பூஞ்சை உயிரோடு காத்திருக்கும். மழைத்துளி தரையில் விழுந்து தெறிக்கும்போது வித்தும் சேர்ந்து தெறித்து அடி இலையில் ஒட்டும். நோய் எப்போதும் கீழிருந்து மேலே ஏறுவது இதனால்தான். உதிர்ந்ததைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள், வீட்டு உரக்குழியில் போடாதீர்கள். தரையில் இருந்து ஒரு சாண் உயரம் வரை உள்ள இலைகளைக் கிள்ளிவிட்டு, மண்மேல் 5 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்கு (சருகு, வைக்கோல் போன்ற போர்வை) போட்டால் தெறிப்பு வெகுவாகக் குறையும். செடியின் நடுவில் நெருக்கமாகக் குறுக்கே ஓடும் கிளைகளைக் கவாத்தில் எடுத்துவிட்டால் காற்று உள்ளே புகும், இலை சீக்கிரம் காயும்.

மருந்தைப் பொறுத்தவரை ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மேங்கோசெப், கேப்டான் போன்ற தொடு பூஞ்சைக்கொல்லிகள் தடுப்புக்கானவை. வந்த புள்ளியை அழிக்காது, ஆரோக்கியமான இலையில் புதிய தொற்று நுழையாமல் காக்கும். எனவே மழைக்காலம் தொடங்குமுன் அடித்து, 7 முதல் 14 நாளுக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும். டெபுகோனசோல், மைக்ளோபியூட்டனில் போன்ற ஊடுருவும் மருந்தை இடையிடையே மாற்றி அடித்தால், ஒரே மருந்துக்குப் பூஞ்சை பழகிப்போவது தள்ளிப்போகும். அளவு எப்போதும் புட்டியில் எழுதியிருப்பதுதான். "கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் சீக்கிரம் கேட்கும்" என்ற கணக்கு இங்கே செல்லாது.

மஞ்சள் ரோஜாக்கள் இந்த நோய்க்கு ஏன் இப்படிப் பணிகின்றன என்று கேட்பவர்களுக்கு: அதில் ஒரு வம்சக் கதை இருக்கிறது. பிரெஞ்சு வளர்ப்பாளர் ஜோசப் பெர்னே டூஷே, ரோசா ஃபோட்டிடா என்ற மஞ்சள் ரோஜாவின் வழியில் வந்த ஒரு செடியைக் கலந்து உருவாக்கிய 'சொலேய் தோர்' 1900-இல் வெளிவந்தது. இன்றைய பல மஞ்சள், ஆரஞ்சு ரகங்களின் நிறம் அந்த வழியில் வந்தது. நிறத்தோடு கரும்புள்ளிக்கு எளிதில் இரையாகும் குணமும் சேர்ந்து வந்தது. மறுபக்கம், வில்லியம் ராட்லர் உருவாக்கி 2000-இல் விற்பனைக்கு வந்த 'நாக் அவுட்' போன்ற ரகங்கள் இந்த நோயைப் பெரிதும் தாங்குகின்றன. ஒவ்வொரு வருடமும் மொட்டையாகிற செடியோடு மல்லுக்கட்டுவதைவிட, தாங்கும் ரகத்தை நடுவது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது. மணத்துக்காக ஒரு பலவீனமான செடியை நான் இன்னும் வைத்திருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

துளிரிலும் மொட்டிலும் வெள்ளை மாவு, இலை சுருங்கல்

சாம்பல் நோய். விரலால் தேய்த்தால் மாவு ஓரளவு வழித்துக்கொண்டு வரும். இளம் இலை ஓரம் மடிந்து, சில சமயம் ஊதாச் சாயலோடு முறுக்கிக்கொள்ளும். மொட்டின் காம்பிலும் படரும்.

கரும்புள்ளிக்கு நேர் எதிரான குணம் இதற்கு. இலைமேல் தண்ணீர் தேவையில்லை, நின்ற நீரில் இதன் வித்து சரியாக முளைக்காது. பகலில் வெயிலும், இரவில் குளிர்ச்சியான ஈரக் காற்றும் மாறி மாறி வரும் பருவம்தான் இதற்குக் கொண்டாட்டம். மழையே இல்லையே, எப்படிப் பூஞ்சை வந்தது என்று குழம்ப வேண்டியதில்லை. காலையில் இலையை நீரால் நன்றாக அலசிவிட்டால் இது குறையும். அப்போது கரும்புள்ளி வராதா? வெயில் ஏறுமுன் அலசினால் ஓரிரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், ஏழு மணி நேரக் கணக்கு எட்டாது. மாலையில் மட்டும் வேண்டாம்.

ஆரம்ப நிலையில் மோசமான துளிர்களைக் கிள்ளிவிட்டு நனையும் கந்தகமோ (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்) வேப்பெண்ணெயோ அடித்தால் போதும். சமையல் சோடாவும் கொஞ்சம் கேட்கும்: லிட்டருக்கு 4 கிராம், உடன் சிறிது தோட்டத் தெளிப்பு எண்ணெய். ஆனால் சோடாவில் இருப்பது சோடியம். தொட்டி மண்ணில் அது சேர்ந்துகொண்டே போனால் வேருக்கு ஆகாது, வாராவாரம் அடிக்கும் பொருளல்ல. பொட்டாசியம் பைகார்பனேட் கிடைத்தால் அது மேல். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் வரும் தளதளப்பான துளிர்தான் இந்தப் பூஞ்சைக்கு முதல் இரை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஊதாத் திட்டுகள், இரண்டே நாளில் செடி மொட்டை

கரும்புள்ளி என்று நினைத்து ஏமாறும் இடம் இது. அடிச்சாம்பல் நோயின் திட்டு வட்டமாக இராது. இலை நரம்புகளுக்கு நடுவே அடைபட்டு, கோணல்மாணலாகக் கட்டம் கட்டியதுபோல் இருக்கும். நிறம் ஊதா கலந்த பழுப்பு. பெரும்பாலும் மேல்பாதி இலைகளில் தொடங்கும், கரும்புள்ளி போலக் கீழிருந்து அல்ல. விடிகாலையில் இலையைத் திருப்பினால் சில சமயம் மெல்லிய சாம்பல் நிறப் பூஞ்சாணம் தெரியும். செடியை லேசாக உலுக்கினால் பச்சை இலைகூடக் கொட்டும்.

பெயரில் சாம்பல் இருந்தாலும் இதற்கும் முன்னதற்கும் உறவில்லை. இது உண்மையான பூஞ்சையே அல்ல, நீர்ப்பூஞ்சை எனப்படும் வேறு இனம். அதனால் சாம்பல் நோய்க்கான கந்தகம் இங்கே கைகொடுக்காது. குளிர்ச்சியும் ஈரமும் சேர்ந்தால் பரவும், வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அடங்கும். மெட்டலாக்சிலும் மேங்கோசெப்பும் சேர்ந்த மருந்து பயன்படும். அதைவிட முக்கியம் காற்றோட்டமும் காய்ந்த இலையும்.

மருந்தே இதுபோன்ற ஊதாப் பொட்டுகளை உண்டாக்குவதும் உண்டு. குளிர்ந்த ஈர நாளில் தாமிரம் கலந்த மருந்தை அடித்தால் ரோஜா இலையில் சிவப்பும் ஊதாவுமாகப் பொரிப்பொரியாக வரும். கடைசியாக அடித்தது தாமிரமா என்று ஒருமுறை யோசித்துவிட்டு அடுத்த மருந்தைத் தேடுங்கள்.

இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி

துரு நோய். மேல்பக்கம் மஞ்சள் பொட்டு, அடிப்பக்கம் ஆரஞ்சுக் கொப்புளம், பிற்பாடு கறுப்பாகும். விரலில் துருவாகவே ஒட்டும், தப்பவே முடியாத அடையாளம். இலைகளைக் கிள்ளி அகற்றுங்கள். கரும்புள்ளிக்குச் செய்யும் அத்தனையும் இதற்கும் பொருந்தும்.

இலை வெளிறி, மேலெல்லாம் ஊசி குத்தியதுபோல் பொட்டு

என் முதல் வருடத்து வில்லன். தூரத்திலிருந்து பார்த்தால் செடி தூசு படிந்து களைத்துப்போனதுபோல் இருக்கும். கிட்டத்தில் இலையின் மேல்பக்கம் முழுக்க வெளிர்ப் பொட்டுகள். பிறகு பழுப்பேறி உதிரும்.

சந்தேகம் தீர ஒரு சோதனை. வெள்ளைத் தாள் ஒன்றை இலைக்கு அடியில் பிடித்து, கிளையை இரண்டு மூன்று முறை பலமாகத் தட்டுங்கள். தாளில் தூசும் துகளும் விழும். அசையாமல் அரை நிமிடம் பாருங்கள். மிளகுப் பொடியில் பாதிக்கும் குறைவான அளவில் சில துகள்கள் மட்டும் மெதுவாக நடக்கத் தொடங்கும். தாளை மடித்து நசுக்கினால் சிவப்பாகவோ பச்சையாகவோ சிறு கோடு இழுபடும். அதுதான் சிலந்திப்பேன். எட்டுக் கால் கொண்டது, சிலந்திக்கு உறவு. அதனால்தான் பூச்சிக்கென்று செய்த பல மருந்துகள் இதைத் தொடுவதில்லை. பைரித்ராய்டு வகை மருந்துகள் இதன் எதிரிகளைக் கொன்று, இதைப் பல்கிப் பெருக விடுகின்றன.

வறண்ட வெப்பம் இதற்கு உகந்தது. 30 டிகிரியை ஒட்டிய வெயிலில் முட்டை வளர்ந்து முதிர்ந்த பேனாக ஒரு வாரமே போதும். ஆகவே வேகம் முக்கியம். முதல் ஆயுதம் வெறும் தண்ணீர்: குழாயைக் கீழிருந்து மேல்நோக்கிப் பிடித்து இலையின் அடிப்பக்கத்தை அழுத்தமாகப் பீய்ச்சுங்கள், இரண்டு மூன்று நாளுக்கொருமுறை, இரண்டு வாரத்துக்கு. சிறிய தாக்குதல் இதிலேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால் பூச்சிக்கொல்லிச் சோப்பு அல்லது வேப்பெண்ணெய் (லிட்டருக்கு 5 மில்லி, கரைய ஒன்றிரண்டு மில்லி திரவச் சோப்பு). அடிப்பக்கம் நனையாவிட்டால் அடித்ததும் அடிக்காததும் ஒன்று. முட்டைகள் பெரும்பாலும் தப்பிவிடும் என்பதால் 5 முதல் 7 நாள் இடைவெளியில் குறைந்தது மூன்று முறை. ஒரே தடவை அடித்துவிட்டு "கேட்கவில்லை" என்று சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். அதற்கும் மேல் போனால், சிலந்திப்பேனுக்கென்றே உள்ள மருந்து வேண்டும். புட்டியில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

துளிர் சுருண்டு கோணலாக வருகிறது

துளிரை விரலால் பிரித்துப் பாருங்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ கூட்டமாக மெத்து மெத்தென்று உட்கார்ந்திருந்தால் அசுவினி. இலை பிசுபிசுக்கும், எறும்பு ஏறும், அந்தப் பிசுபிசுப்பின்மேல் கரி பூசியதுபோல் பூஞ்சை படரும். அந்தக் கரி துடைத்தால் போய்விடும், இலைக்குள் இறங்குவதில்லை. அசுவினிக்கு மருந்து தேவையே இல்லை என்பது என் கட்சி. பீய்ச்சிய தண்ணீரில் விழுந்தால் பெரும்பாலும் திரும்ப ஏறாது, மீதியைப் பொறிவண்டு பார்த்துக்கொள்ளும். எறும்பை மட்டும் தடுங்கள், அதுதான் பொறிவண்டை விரட்டி அசுவினிக்குக் காவல் நிற்கும்.

கூட்டம் எதுவும் கண்ணில் படவில்லை, ஆனால் துளிர் ஓரம் கருகி, இலை குறுகி, அடிப்பக்கம் வெண்கல நிறத்தில் மினுக்கினால் இலைப்பேன். அதே வெள்ளைத் தாளில் தட்டுங்கள். மயிரிழை போன்ற மஞ்சள் நிறக் கோடு ஒன்று விறுவிறுவென்று ஓடும், சிலந்திப்பேன் போல ஆடி அசைந்து நடக்காது. பூ இதழின் ஓரமும் பழுப்பேறியிருக்கும். கெட்ட துளிரையும் பாதி விரிந்து கருகிய மொட்டையும் வெட்டிக் கவரில் கட்டிப் போடுங்கள். ஸ்பினோசாட் என்ற பூச்சிமருந்து கேட்கும். ஆனால் ஈரமாக இருக்கும்வரை அது தேனீக்கு நஞ்சு, தேனீ கூட்டுக்குத் திரும்பிய பிறகு மாலையில் அடியுங்கள்.

இரண்டும் இல்லை, ஆனால் இலை நாடா போல் ஒடுங்கி முறுக்கியிருக்கிறதா? பக்கத்தில் யாராவது களைக்கொல்லி அடித்தார்களா என்று கேளுங்கள். 2,4-டி காற்றில் வந்து லேசாகப் பட்டாலே ரோஜா இப்படி முறுக்கிக்கொள்ளும். கிளைபோசேட் பட்டிருந்தால் அடுத்து வரும் துளிர் துடைப்பம் போலக் குச்சி குச்சியாக வரும். களைக்கொல்லி அடித்த தெளிப்பானை எவ்வளவு கழுவினாலும் ரோஜாவுக்குப் பயன்படுத்தாதீர்கள், தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். லேசாகப் பட்ட செடி காலப்போக்கில் தேறிவிடும்.

இலையில் ஓட்டை

ஓட்டையின் வடிவம்தான் துப்பு.

ஓரத்தில் காசு வைத்து வெட்டியதுபோல் சுத்தமான அரைவட்டமா? இலைவெட்டித் தேனீ. ஒருமுறை காலையில் பார்த்துக்கொண்டே நின்றேன். இலை ஓரத்தைக் கால்களுக்கு இடையில் பிடித்துக்கொண்டு, தாடையால் வளைவாகக் கத்தரித்துக்கொண்டே வந்தது. கடைசி இழை அறுபடுவதற்கு முன்பே இறக்கையை அடிக்கத் தொடங்கியதால் வெட்டிய துண்டோடு கீழே விழாமல் அப்படியே பறந்துபோயிற்று. மொத்தமும் சில நொடிகள். அது இலையைத் தின்பதில்லை, கூட்டில் குஞ்சறைக்கு உறையாகச் சுற்றுகிறது. மகரந்தம் சேர்க்கும் நல்ல உயிர். செடிக்கு ஒன்றும் ஆகாது. எதையும் அடிக்காதீர்கள்.

மேல்தோல் மட்டும் சுரண்டப்பட்டு, நரம்பு மிஞ்சி, கண்ணாடித்தாள் போல் ஒளி ஊடுருவினால் ரம்பக்குளவியின் புழு. பச்சையாக, அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். கம்பளிப்புழு போலவே தெரியும், ஆனால் பட்டாம்பூச்சி இனமல்ல. எனவே புழுக்களுக்கென்று பலரும் பயன்படுத்தும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் மருந்து இதைக் கொல்லாது. கையால் பொறுக்கலாம், சோப்புக் கரைசலும் போதும்.

ஒழுங்கற்ற பெரிய ஓட்டை, கீழே கறுப்புக் குருணை போன்ற எச்சம் இருந்தால் உண்மையான புழு. இங்கே அந்த பேசில்லஸ் வேலை செய்யும். ஓட்டை இருக்கிறது, பகலில் யாரையும் காணோம் என்றால் இரவு ஒன்பது மணிக்கு டார்ச்சோடு போய்ப் பாருங்கள். வண்டுகள் இரவில்தான் மேயும். பிடித்துச் சோப்புத் தண்ணீரில் போட்டால் கதை முடிந்தது.

மஞ்சள்

அதிகம் கேட்கப்படும் கேள்வி, அதிகம் தவறாகப் பதில் சொல்லப்படும் கேள்வியும் இதுதான். எல்லா மஞ்சளுக்கும் உரம் போடாதீர்கள். மேலா, கீழா என்பதை வைத்துப் பிரியுங்கள்.

நுனித் துளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை வலை போல் தெரிகிறது: இரும்புச்சத்துக் குறை. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும், வேரால் எடுக்க முடியாது. ரோஜாவுக்கு மண்ணின் கார அமில நிலை 6.0 முதல் 6.5 வரை இருந்தால் சுகம். 7-ஐத் தாண்டினால் இரும்பு கரையாமல் பூட்டிக்கொள்ளும். சுண்ணாம்பு மிகுந்த உப்புத் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றினால் தொட்டி மண் மெல்ல அந்த நிலைக்குப் போய்விடும். சீலேட் செய்த இரும்பு (மண்ணில் பூட்டிக்கொள்ளாதபடி வேறொரு சேர்மத்தோடு பிணைத்தது) வாங்கும்போது அட்டையைப் படியுங்கள். ஈடிடிஏ வகை காரம் ஏறிய மண்ணில் வலுவிழந்துவிடும், ஈடிடிஎச்ஏ வகை தாங்கும். கரைத்தால் ஆழ்ந்த சிவப்பாக இருக்கும். இதுவரை சொன்னது காரத்தால் வரும் குறை. மண் எப்போதும் சொதசொதவென்று இருந்து வேர் மூச்சுத் திணறினாலும் அதே மஞ்சள் வரும். அப்போது இரும்பு ஊற்றுவது வீண்.

அடி இலை முழுக்க ஒரே சீராக வெளிறி, செடியே மெலிந்தால் தழைச்சத்துக் குறை. அடி இலையில் நரம்புகளுக்கு நடுவே மட்டும் மஞ்சள் என்றால் மெக்னீசியம். லிட்டருக்கு 5 கிராம் எப்சம் உப்பு கரைத்து இலைமேல் தெளித்தால் போதும். எப்சம் உப்பை எல்லாவற்றுக்கும் மருந்தாக மாதாமாதம் போடுபவர்களைப் பார்க்கிறேன். குறை இல்லாத மண்ணில் அது எதற்கும் உதவாது.

தொட்டி மாற்றிய ஒன்றிரண்டு வாரத்தில் அடியில் நாலைந்து இலை மஞ்சளாகி விழுந்தால் விட்டுவிடுங்கள். வேர் திரும்பப் பிடித்ததும் நின்றுவிடும். மண் ஈரமாக இருக்கிறது, ஆனாலும் இலை வாடித் தொங்கி மஞ்சளாகிறது என்றால் மட்டும் அவசரம். தொட்டியிலிருந்து செடியை எடுத்து வேரைப் பாருங்கள். வெளிர் நிறத்தில் திடமாக இருந்தால் நல்லது. பழுப்பாக, இழுத்தால் தோல் உறை கழன்று வந்து நாற்றமடித்தால் வேரழுகல். அழுகியதை வெட்டி, நீர் வடியும் புது மண்ணில் வையுங்கள். தண்ணீர் வாடிக்கிடக்கும் செடியைப் பார்த்து ஊற்றுவதல்ல, விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து ஊற்றுவது.

விளிம்பு கருகல்

இலை ஓரம் காய்ந்து நொறுங்கினால் என் முதல் சந்தேகம் உப்பு. உரம் கூடிப்போனது அல்லது தண்ணீர் உப்பு. தொட்டியின் ஓரத்தில் வெள்ளைப் படிவு இருந்தால் உறுதி. தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடித்துளை வழியே வடியவிடுங்கள். ஒரு மாதம் உரத்தை மறந்துவிடுங்கள்.

அடித்த மறுநாளே வெயில் பட்ட பக்கத்தில் மட்டும் கருகல் என்றால் அது நீங்கள் செய்தது. எண்ணெயோ கந்தகமோ 32 டிகிரிக்கு மேல் வெயிலில் இலையைச் சுட்டுவிடும். இரண்டுக்கும் நடுவே இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும், சேர்ந்தால் இன்னும் மோசம். நான் ஒரு நண்பகலில் வேப்பெண்ணெய் அடித்து மூன்று செடிகளை வறுத்திருக்கிறேன். இப்போது முந்தின நாள் மண்ணில் நன்றாகத் தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று இலைகளில் மட்டும் அடித்து, ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் மீதி.

மருந்து கேட்கிறதா என்று எப்படித் தெரியும்?

புள்ளி விழுந்த இலை திரும்பப் பச்சையாகாது. பொட்டு விழுந்ததும் சுருண்டதும் அப்படியே. இரும்பு, தழைச்சத்துக் குறைகள் மட்டும் ஓரளவு நிறம் திரும்பும். எனவே பழைய இலையைப் பார்த்து மருந்தை மாற்றாதீர்கள். மருந்தடித்த நாளன்று நுனியில் உள்ள கடைசித் துளிருக்குக் கீழே ஒரு நூலைக் கட்டிவிடுங்கள். நூலுக்கு மேலே புதிதாக வரும் இலைகள் சுத்தமாக இருந்தால் சரியான வழியில் போகிறீர்கள். இரண்டு மூன்று வாரம் கழித்தும் நூலுக்கு மேலேயும் அதே கோளாறு என்றால், மருந்தை அல்ல, நீங்கள் கண்டுபிடித்த காரணத்தைச் சந்தேகியுங்கள்.

மருந்தே இல்லாத இரண்டு

இலையில் மஞ்சள் கோடு மின்னல் போல வளைந்து வளைந்து ஓடினால் மொசைக் வைரஸ். ஒட்டுக் கட்டும்போதே வந்துவிட்டது. பக்கத்துச் செடிக்குத் தாவுமோ என்று அஞ்சிப் பிடுங்க வேண்டியதில்லை. அதிலிருந்து ஒட்டுக்குச்சி மட்டும் எடுக்காதீர்கள்.

மற்றது ரோஜா ரோசெட் நோய், வட அமெரிக்கத் தோட்டங்களைப் பாடாய்ப்படுத்துவது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணி பரப்பும் வைரஸ். துளிர் கொத்துக் கொத்தாகத் துடைப்பம் போல வரும், முற்றிய பிறகும் சிவப்பு போகாது, தண்டில் முள் அளவுக்கு மீறி நெருங்கி முளைக்கும். கிளைபோசேட் பட்டதும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும், ஆனால் அதில் இந்த முள் நெரிசல் இருக்காது. ரோசெட் என்று உறுதியானால் தாமதிக்காமல், செடிமேல் ஒரு பையைக் கவிழ்த்துக் கட்டி, உண்ணி காற்றில் பறக்காமல், வேரோடு தோண்டி எடுத்துவிடுங்கள். மண்ணில் அறுந்து தங்கிய வேர்த்துண்டு திரும்பத் துளிர்த்தால் அதையும் எடுக்க வேண்டும்.